தலைப்பை ஒட்டினால் இணைப்பு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கிராமப்புற ஆசிரியர்களுக்குப் பாடங்களை இணைத்துக் கற்பிக்கத் தரும் பயிற்சி பெரும்பாலும் ஒருநாள் சொற்பொழிவோடு முடிந்துவிடுகிறது. 'தண்ணீர்' என்ற தலைப்பில் அறிவியலுக்கு ஒரு படம், மொழிக்கு ஒரு பாட்டு, கணக்குக்கு ஒரு கூட்டல் என்று ஒட்டவைப்பது இணைப்பே அல்ல. ஒரு பாடத்தை மட்டும் வைத்து விடை காண முடியாத கேள்வி வேண்டும்.

உதாரணமாக, பள்ளிக் கூரையில் விழும் மழைநீர் எத்தனை நாளுக்குப் போதும்? 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 50 சதுர மீட்டர் கூரையில் 20 மி.மீ. பெய்தால் 1,000 லிட்டர். தொட்டிக்கு அவ்வளவும் வராது. ஏன் என்று தேடுவது அறிவியல். கிடைத்த நீரை எப்படிப் பங்கிடுவது என்பது சமூக அறிவியல்.

பெய்த மழையை அளக்கப் பிளாஸ்டிக் பாட்டிலில் மழைமானி செய்யும்போது அடிப்பகுதியின் மேடுபள்ளம் அளவைக் கெடுக்கும். பக்கம் நேராகத் தொடங்கும் இடம்வரை கூழாங்கல்லும் நீரும் நிரப்பி, அங்கே பூஜ்ஜியம் குறிக்க வேண்டும். சொல்லிக் கேட்டால் இது மனதில் நிற்காது. பயிற்சியிலேயே ஆசிரியர்கள் செய்து பார்க்க வேண்டும்.

அருகருகே உள்ள நான்கைந்து பள்ளிகள் சேர்ந்து முதல் அமர்வில் திட்டமிடட்டும். இரண்டே பாடங்களோடு தொடங்குவது நல்லது. மூன்று வாரம் நடத்தியபின் மாணவர் நோட்டுகளோடு மீண்டும் கூடட்டும். கணக்குக்குத் தனியாக மதிப்பெண் இடாவிட்டால் முதலில் காணாமல் போவது அதுதான். ஓராசிரியர் பள்ளியில் சிறிய வகுப்பு மாணவர்கள் அளவெடுக்கலாம், பெரிய வகுப்பு மாணவர்கள் கணக்கிடலாம்.

இப்படிக்கு,
ஆசிரியப் பயிற்றுநர்கள் சிலர்