நாள் வாடகை வீடுகளுக்குப் பதிவும் உரிமமும் கட்டாயமாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
செயலாளர்,
அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கம்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடப்படும் வீடுகளுக்குப் பதிவு எண்ணும் ஆண்டு உரிமமும் கட்டாயமாக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் குடியிருப்பில் சில வீடுகள் இப்போது நாள் வாடகைக்கு விடப்படுகின்றன. செல்போனில் முன்பதிவு செய்துவிட்டு வருகிறார்கள், ஓரிரு இரவு தங்குகிறார்கள், போய்விடுகிறார்கள். மாடிப்படி கிரில்லில் நம்பர் பூட்டு போட்ட சின்னப் பெட்டி ஒன்று தொங்குகிறது. நான்கு இலக்க எண்ணை வைத்துத் திறந்தால் வீட்டுச் சாவியும் கீழ்வாசல் சாவியும் சேர்ந்தே கைக்கு வந்துவிடும். அந்த எண்ணை மாற்றுவதே இல்லை. இதுவரை தங்கிப் போன எல்லோருக்கும் எங்கள் கீழ்வாசலைத் திறக்கத் தெரியும் என்பதுதான் நிலைமை. நள்ளிரவில் வீடு அடையாளம் தெரியாமல் யார் வீட்டு காலிங் பெல்லையாவது அடிக்கிறார்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள் கதவைத் திறக்கவும் பயப்படுகிறார்கள், திறக்காமல் இருக்கவும் பயப்படுகிறார்கள்.

வந்து தங்குகிறவர்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. ஊர் பார்க்க வந்தவர்களுக்கு எந்தக் கதவு என்று எப்படித் தெரியும்? பொறுப்பேற்க ஆள் இல்லை என்பதுதான் எங்கள் குறை. புகார் கொடுக்கப் போனால், ஏட்டில் அது சாதாரணக் குடியிருப்பு என்றே இருக்கிறது. நடத்துவது யார் என்றே பதிவில்லாதபோது யாருக்கு நோட்டீஸ் அனுப்புவது? ஆகவே, மற்ற விதிகளுக்கெல்லாம் முன்னால் பதிவு எண் வேண்டும் என்பதே எங்கள் முதல் கோரிக்கை.

ஒவ்வொரு வீட்டுக்கும் நகராட்சி ஓர் எண் தர வேண்டும். அது வாசலிலும், இணைய விளம்பரத்திலும் தெரிய வேண்டும். ஜப்பானில் 2018 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, இப்படி வாடகைக்கு விடும் வீட்டு வாசலில் பதிவு விவரப் பலகை இருக்க வேண்டும்; அக்கம்பக்கத்தார் புகாருக்குப் பதில் சொல்வதும் நடத்துபவரின் கடமை. ஆண்டுக்கு 180 நாளுக்கு மேல் விடவும் முடியாது.

வீட்டுக்காரரை மட்டும் பிடித்தால் போதாது என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். ஒரு விளம்பரத்தை நீக்கினால் வேறு பெயரில் இன்னொன்று வந்துவிடும். நியூயார்க் நகரம் 2023 செப்டம்பரிலிருந்து அமல்படுத்தும் விதி இதற்கு நல்ல வழி காட்டுகிறது. 30 நாளுக்குக் குறைவான வாடகைக்கு நகராட்சியில் பதிவு செய்யாத வீடாக இருந்தால், முன்பதிவுத் தளம் அதற்கான பணப் பரிவர்த்தனையையே நடத்தக் கூடாது. பணம் வரும் வழி அடைபட்டால் பதிவு தானாக நடக்கும். ஆய்வாளர்கள் வீடு வீடாக அலைய வேண்டியதும் குறையும்.

அப்புறம், எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம். தான் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறையை விட்டுச் செலவைச் சமாளிப்பவர் வேறு. வரிசையாக வீடுகளை வாங்கி, குடியிருந்தவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டு விடுதிபோல் நடத்துபவர் வேறு. முன்னவருக்குக் குறைந்த கட்டணமும் எளிய படிவமும் போதும். பின்னவருக்குத் தீ பாதுகாப்புச் சோதனை, தங்குவோர் எண்ணிக்கைக்கு வரம்பு, வணிகக் கட்டண விகிதம் எல்லாம் இருக்க வேண்டும். சொந்தக்காரர் குடியிருக்காத முழு வீடுகளுக்கு ஆண்டுக்கு இத்தனை இரவுகள்தான் என்ற வரம்பும் தேவை. லண்டனில் தனி அனுமதி இல்லாமல் முழு வீட்டை ஆண்டுக்கு 90 இரவுகளுக்கு மேல் இப்படி விட முடியாது. நம் ஊருக்கு எத்தனை இரவுகள் சரி என்பதை, குடியிருக்க வாடகை வீடு கிடைக்கும் நிலவரத்தைப் பார்த்துத் தாங்களே முடிவு செய்யலாம்.

இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொடர்பு எண்ணை உரிமம் பெறுபவர் தர வேண்டும். திரும்பத் திரும்பப் புகார் வந்தால் அபராதத்தோடு நிறுத்தாமல், உரிமத்தை நிறுத்தி வைக்கவும் விதி இருக்க வேண்டும். சிறிய அபராதத்தை ஒரே நாள் வாடகையில் கட்டிவிடுகிறார்கள். உரிமக் கட்டணத்தில் ஒரு பகுதியை ஆய்வுப் பணிக்கென ஒதுக்கினால் நகராட்சிக்கும் சுமை இருக்காது.

இது தொடர்பாக வரைவு விதிகளை வெளியிட்டு, குடியிருப்போர், வீடு விடுவோர் இரு தரப்பிடமும் கருத்துக் கேட்டு, அடுத்த மன்றக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை, பொதுவாசல் சாவியை வெளியே தொங்கவிடுவதைத் தடுக்க உடனே ஓர் உத்தரவு பிறப்பித்தால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கத்தின் சார்பில்.

இணைப்பு: குடியிருப்போர் கையொப்பப் பட்டியல், சாவிப் பெட்டியின் புகைப்படம்.