எட்டாம் எண் படகும் நீ எழுதிய நிரலும்

அன்புள்ள சேகு,

வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை. உனக்கென்று காரல் கருவாடு கட்டி வைத்திருக்கிறாள், வந்து வாங்கிக்கொள். பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் ரயில் ஓடுகிறது. 1914-இல் திறந்த பழைய பாலம் இரண்டு கையாக விரிவதைப் பார்க்க வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுப் போவோமே, புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு அப்படியே மட்டமாக மேலே ஏறுகிறது. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பழையதற்கு இருந்த திமிர் இதற்கு இல்லை.

இத்தனை மாதம் எழுதவில்லை என்று கோபப்படாதே, நீயும்தான் எழுதவில்லை. இப்போது எழுதக் காரணம், நீ எழுதிய கம்ப்யூட்டர் நிரல் செத்துவிட்டது. மண்டபம் வடகடல் ஏலக் கொட்டகைக்கு, உன் கல்யாணத்துக்கு முந்தின வருடம், லீவில் வந்திருந்தபோது ஒரே ராத்திரியில் எழுதிக் கொடுத்தாயே, அதுதான். நீ அதை மறந்திருப்பாய். சவரி அண்ணன் மறக்கவில்லை. இத்தனை வருடமும் விடியற்காலையில் அந்தக் கறுப்புத் திரையின் முன்னால் உட்கார்ந்து, 'படகு எண்?', 'மீன்?', 'எடை?', 'விலை?' என்று அது கேட்கக் கேட்கப் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

செத்தது உன் நிரலால் அல்ல. உப்புக் காற்று பழைய கம்ப்யூட்டரின் பலகையை அரித்துவிட்டது. மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது என்பதால், ஏப்ரல் 15-க்கும் ஜூன் 14-க்கும் நடுவில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று முதலாளி புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். கோப்பை மாற்றிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. உன் நிரல் பைத்தான் என்ற நிரல்மொழியின் பழைய பதிப்பில், பைத்தான் 2-இல் இருக்கிறது. புது இயந்திரத்தில் பைத்தான் 3 மட்டும்தான். முதலில், திரையில் எழுதும் பிரிண்ட் கட்டளைக்கு அடைப்புக்குறி எங்கே என்று கேட்டது. போட்டேன். பிறகு எண்கள் எண்களாக வரவில்லை, அடித்த எழுத்தை முழுஎண்ணாகவும் தசம எண்ணாகவும் மாற்றும் இன்ட், ஃப்ளோட் இரண்டையும் ஆங்காங்கே சேர்த்தேன். ஓடியது. சவரி அண்ணனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

எடை கேட்ட இடத்தில் அவர் 28+31+30.5-3 என்று அடித்து எண்டரைத் தட்டினார்.

நிரல் விழுந்தது. திரை முழுக்க ஆங்கிலத்தில் பிழைச் செய்தி. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "உன் கூட்டாளி எழுதியது கூட்டும். நீ எழுதியது கூட்டாது போலிருக்கிறது" என்றார். முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லை.

சேகு, நீ அந்த நிரலில் கூட்டல் எதுவும் எழுதவில்லை. வரி வரியாகப் பார்த்துவிட்டேன். நீ செய்ததெல்லாம் எடையை வாங்க 'இன்புட்' போட்டதுதான். பைத்தான் 2-இல் இரண்டு இருந்தன, உனக்குத் தெரியும். ரா_இன்புட் என்பது அடித்ததை அப்படியே எழுத்தாகக் கொண்டுவந்து தரும். வெறும் இன்புட், அடித்ததைப் பைத்தான் வாக்கியமாகவே எடுத்துக்கொண்டு, கணக்குப் போட்டு, விடையைத்தான் தரும். நீ எண்ணாக மாற்றும் சிரமத்தைத் தவிர்க்க இரண்டாவதைப் போட்டாய். சவரி அண்ணன் ஒருநாள் மூன்று பெட்டி மீனைக் காகிதத்தில் கூட்டச் சலித்துப்போய், கூட்டல் குறியோடு அடித்துப் பார்த்திருக்கிறார். அது கூட்டிக் கொடுத்தது. அன்றிலிருந்து பெட்டிகளின் எடையைக் கூட்டி, ஐஸ் கழிவைக் கழித்து, ஒரே அளவான பெட்டியாக இருந்தால் 30*4 என்று பெருக்கி, எல்லாவற்றையும் கேள்விக்குறிக்கு முன்னாலேயே முடித்துவிடுகிறார். வகுத்தல் மட்டும் செய்வதில்லை. ஏன் என்று கேட்டேன். "பங்கு பிரிக்கிறபோது அரைக் கிலோவை அது தின்றுவிடுகிறது, அதனிடம் வகுக்கக் கொடுக்காதே" என்றார். 7/2 கேட்டால் பைத்தான் 2 மூன்று என்றுதான் சொல்லும். யாரும் சொல்லிக் கொடுக்காமல் முழுஎண் வகுத்தலைக் கண்டுபிடித்து, அதிலிருந்து தள்ளியும் நின்றிருக்கிறார் மனிதர். நமக்கு அது செமஸ்டர் தேர்வில் போனது நினைவிருக்கிறதா?

அடுத்ததைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும், பிறகு வராது.

கொட்டகையில் படகுகளுக்கு 01, 02 என்று இரண்டு இலக்க எண். 01 முதல் 07 வரை அடித்தால் வாங்கிக்கொள்ளும். 10, 11 எல்லாம் சரி. 08, 09 அடித்தால் மட்டும் விழும். பைத்தான் 2 பூஜ்ஜியத்தில் தொடங்கும் எண்ணை எட்டை அடியாகக் கொண்ட எண்ம முறை என்று எடுத்துக்கொள்ளும். அந்த முறையில் 7-க்கு மேல் இலக்கம் கிடையாது. ஆகவே 08 என்பது அதற்கு எண்ணே இல்லை. சவரி அண்ணன் அந்த இரண்டுக்கும் முன்னால் பூஜ்ஜியம் போடாமல் 8, 9 என்று அடிக்கப் பழகிக்கொண்டார். அவரளவில் பிரச்சினை முடிந்தது.

கொட்டகைக்கு முடியவில்லை. அந்தத் திரையில் எட்டை ஒப்புக்கொள்ளாததைப் பார்த்தவர்கள் பலர். எட்டு சனியின் எண் என்று சொல்வதற்கு நம் பக்கத்தில் ஆள் தேட வேண்டுமா? பிறகு அந்த எட்டாம் எண் படகு நடுக்கடலில் பிடிபட்டது. ஆட்கள் மாதக்கணக்கில் உள்ளே இருந்துவிட்டுத் திரும்பினார்கள், படகு திரும்பவில்லை. உடனே ஊரில் பேச்சு: கம்ப்யூட்டரே அந்த எண்ணை வாங்க மறுத்தது, நாம்தான் கேட்கவில்லை. படகுக்காரருடைய மனைவி கொட்டகைக்கே வந்து, அந்த எண்ணை இனி யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று அழுதிருக்கிறார். கொடுக்கவும் இல்லை. இன்றுவரை கொட்டகையில் 7-க்கு அடுத்து 9.

இதைக் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உன்னைத் திட்டுவதா, எட்டில் நின்றுபோகிற எண் முறையைத் திட்டுவதா என்று தெரியவில்லை. சவரி அண்ணனுக்கு மறுநாள் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்: 5, 6, 7, அடுத்தது 10. பொறுமையாகப் பார்த்தார். "அப்படியானால் எட்டின் மேல் தப்பில்லை. அதற்கு ஏழு வரைக்கும்தான் இலக்கம் தெரியும்" என்றார். பிறகு, "அந்தப் பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது?" என்றும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

சரி, நிரலுக்கு வருகிறேன். பழைய நிரலைப் புதியதாக மாற்றித் தரும் கருவி ஒன்று உண்டே, 2டு3, அது இன்புட்டைப் பார்த்த இடத்திலெல்லாம் ஈவல் என்று ஒரு போர்வை போர்த்திக் கொடுத்தது. அதாவது, அடித்ததையெல்லாம் பழையபடி வாக்கியமாகவே நடத்து என்று. கூட்டல் திரும்ப வந்துவிடும். ஆனால் எடை கேட்கும் இடத்தில் எவனாவது கோப்புகளை அழிக்கும் கட்டளையை அடித்தால், அதையும் மரியாதையாக நிறைவேற்றும். உன் நிரல் இத்தனை வருடம் பிழைத்தது கொட்டகைப் பையன்களுக்குப் பைத்தான் தெரியாததால்தான். இன்னொரு வேடிக்கை: பைத்தான் 3 முன்பூஜ்ஜியத்தை எண்ம முறை என்று எடுத்துக்கொள்வதில்லை, பிழை என்றே தள்ளிவிடுகிறது. ஈவலோடு விட்டிருந்தால் 01 முதல் 09 வரை எல்லாப் படகும் ராசியில்லாததாகியிருக்கும்.

ஆகவே ஈவலைத் தூக்கி எறிந்தேன். படகு எண்ணுக்கு இன்ட் போதும். 08 கொடுத்தால் 8 என்று அமைதியாக வாங்கிக்கொள்கிறது. எடைக்குத்தான் யோசித்தேன். கழித்தல் குறி ஒவ்வொன்றையும் கூட்டலும் கழித்தலுமாக மாற்றி, பிறகு கூட்டல் குறியில் ஸ்ப்ளிட் செய்து, ஒவ்வொரு துண்டையும் பெருக்கல் குறியில் மறுபடி வெட்டி, மிஞ்சுவதை ஃப்ளோட் ஆக்கிப் பெருக்கி, வந்ததையெல்லாம் கூட்டுகிறேன். ஏழெட்டு வரிதான். எண்ணும் இந்த மூன்று குறியும் தவிர வேறு எது வந்தாலும் வாங்காது. விழவும் விழாது, 'எடை புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்' என்று அதே கேள்வியைக் கேட்கும்.

இந்தக் கடைசி விஷயத்தில் எனக்கு உன்மேல் நிஜமான வருத்தம் உண்டு. உன் நிரலில் நான்காவது கேள்வியில் ஒரு எழுத்து தவறினால் முதல் மூன்று பதிலும் சேர்ந்து போகும். மனிதர் படகு, மீன், எடை எல்லாம் மறுபடி அடிக்க வேண்டும், அதுவும் ஏலம் நடந்துகொண்டிருக்கும்போது, பின்னால் நாலு வியாபாரி நின்று அவசரப்படுத்தும்போது. கேள்வி கேட்கிற நிரலுக்குப் பதிலை நினைவில் வைத்துக்கொள்ளும் மரியாதை வேண்டாமா? இப்போது எந்தக் கேள்வியில் தவறு நடந்ததோ அதை மட்டும்தான் திரும்பக் கேட்கும். படகு எண் கேட்கும்போது வெறும் எண்டர் தட்டினால் முந்தைய படகே. நாலும் சரியாக வந்த நிமிடம் கோப்பில் எழுதி, ஃப்ளஷ் செய்து, எஃப்சிங்கும் போட்டு வட்டிலேயே இறக்கிவிடுகிறேன், கரண்ட் போனால் கடைசி ஒரு வரிக்கு மேல் நட்டமில்லை. கன்ட்ரோல்-டி அடித்தால் அதை அன்றைய கணக்கு முடிந்தது என்று எடுத்துக்கொண்டு மொத்தம் போடுகிறது. உன்னுடையது, இனி உள்ளீடு இல்லை என்னும் ஈஓஎஃப் பிழை என்று அலறிக்கொண்டு சாகும்.

ரீட்லைன் என்ற துணை நிரலையும் ஒரு வரியில் இழுத்துவிட்டேன், மேல் அம்புக்குறியைத் தட்டினால் முன்பு அடித்தது திரும்ப வரும் என்று. அண்ணனுக்கு முதல் நாள் ஒரே குஷி. இரண்டாம் நாள் விலை கேட்ட இடத்தில் மேல் அம்பைத் தட்ட, முந்தைய எடை வந்து உட்கார்ந்தது. எல்லாக் கேள்விக்கும் ஒரே நினைவுப் பட்டியல்தான். "இது யார் வீட்டுப் பதிலையும் யார் வீட்டிலும் கொண்டுபோய் வைக்கிறது" என்றார். எடுத்துவிட்டேன்.

அவர் கேட்ட கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று: "நான் பாதி அடித்து நிறுத்தினால், அது பார்த்துக்கொண்டிருக்குமா?" இல்லை, பார்க்காது. எண்டர் தட்டும்வரை எழுத்துகளெல்லாம் அந்தக் கறுப்புத் திரையை நடத்தும் டெர்மினல் கையிலேயே இருக்கும், அழித்தாலும் திருத்தினாலும் பைத்தானுக்குத் தெரியாது, அது தூங்கிக்கொண்டிருக்கும். ஏலத்தில் மூன்று தரம் சொல்லும்வரை விலையை மாற்றிக்கொள்ளலாமே, அதுபோல என்றேன். சட்டென்று பிடித்துக்கொண்டார். இப்போது எண்டர் தட்டுமுன் ஒரு தரம், இரண்டு தரம் என்று முணுமுணுக்கிறார். பையன்கள் சிரிக்கிறார்கள், அவர் கண்டுகொள்வதில்லை.

உனக்குப் பிடிக்கும் என்று இன்னொன்று. சும்மா இருந்த நேரத்தில் எடைக்குத் தமிழ் எண்ணில் ௩௦ என்று அடித்துப் பார்த்தேன். பைத்தான் 3 முப்பது என்று வாங்கிக்கொண்டது! எந்த மொழியின் இலக்கமானாலும் பதின்ம இலக்கமாக இருந்தால் போதும் அதற்கு. பத்துக்கும் நூறுக்கும் தனியாக இருக்கும் ௰, ௱ மட்டும் ஆகாது. சவரி அண்ணனிடம் பெருமையாகக் காட்டினேன். "அந்த எழுத்து கீபோர்டில் எங்கே இருக்கிறது?" என்றார். அத்தோடு அது முடிந்தது.

முதலாளியின் மகன் இதையெல்லாம் தூக்கிவிட்டு, செல்போனில் பொத்தானை அமுக்கும் செயலி ஒன்று வாங்கலாம் என்கிறான். விற்க வந்தவன் காட்டினான், நானும் பார்த்தேன். மீனுக்குப் படம் போட்டிருக்கிறார்கள். நகரை மீனுக்குப் போட்டது பாறை மீனின் படம். எடைப் பெட்டியில் ஒரே ஒரு எண்தான் போட முடியும். ஈரக் கையால் அமுக்கினால் இரண்டு வரி தள்ளி எங்கோ திறக்கிறது. சவரி அண்ணனுக்குக் கீபோர்டு மனப்பாடம், திரையைப் பார்க்காமலே அடிக்கிறார், கண் ஏலக்காரர் மேலேயே இருக்கிறது. கேள்வி ஒவ்வொன்றாக, ஒரே வரிசையில் வருவதால்தான் அது முடிகிறது. நான் இதைச் சொன்னால் பழைய ஆள் என்கிறான் அந்தப் பையன். நீ பெங்களூருவில் பெரிய கம்பெனியில் இருக்கிறாய், உன் பேச்சுக்கு மதிப்பு உண்டு. ஒரு போன் செய்து சொல்லேன். ஜூன் 14 ராத்திரி படகுகள் கிளம்பிவிடும், அதற்கு முன் முடிவாக வேண்டும்.

கடைசியாக ஒரு சந்தேகம். உன் நிரலில் எடைக்கு 777 என்று கொடுத்தால் எதையும் எழுதாமல் அடுத்த கேள்விக்குத் தாவும்படி வைத்திருக்கிறாய். விளக்கக் குறிப்பு ஏதும் இல்லை. சவரி அண்ணனுக்கும் தெரியவில்லை. அதை எடுத்துவிடலாமா, அல்லது யாராவது அதை நம்பிக்கொண்டிருக்கிறார்களா? உடனே எழுது. ஆயிஷாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
அந்தோணி