பிரான்ஸில் ஏன் மறுபடி கேட்கவில்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பிய ஒன்றியம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அயர்லாந்து மக்களிடம் 'சரியான பதில்' வரும்வரை ஓட்டுக் கேட்டார்கள் என்று கேலி செய்கிறது. அப்போது நான் டப்ளினில் வேலையில் இருந்தேன். குடியுரிமை இல்லாததால் எனக்கு ஓட்டில்லை, வேடிக்கைதான் பார்த்தேன். அந்தக் கேலியில் பாதிதான் நியாயம்.

ஒன்றியத்தின் அடிப்படை விதிகளை மாற்றும் லிஸ்பன் ஒப்பந்தத்துக்கு அயர்லாந்தில் முதல் வாக்கெடுப்பு 2008 ஜூன் 12-இல் நடந்தது. அதற்குமுன் சில வாரங்கள் விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் தட்டி கட்டியிருந்தார்கள். ஒன்றில் நம் காந்தியின் மூன்று குரங்குகள்! புதிய ஐரோப்பா உங்களைப் பார்க்காது, கேட்காது, உங்களுக்காகப் பேசாது என்று பொருள். 'புரியவில்லையா, வேண்டாம் என்று குத்து' என்பது இன்னொரு கோஷம். சிரிப்பு வரும்தான். ஆனால் ஒப்பந்தத்தைப் புரட்டினால், பழைய ஒப்பந்தத்தில் இந்தச் சொல்லை எடு, அந்த வரியைச் சேர் என்று பக்கம் பக்கமாகத் திருத்தங்கள். ஒன்றியத்தின் நிர்வாகக் குழுவில் அயர்லாந்தின் உறுப்பினர், அதாவது கமிஷனர், சார்லி மெக்ரீவியே முழுக்கப் படிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். 53.4 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

2009 அக்டோபர் 2-இல் மறுபடி கேட்டபோது 67 சதவீதம் சம்மதம். நடுவில் வங்கிகள் ஆட்டம் கண்டு ஊரே பயந்திருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நாட்டுக்கு ஒரு கமிஷனர் நீடிப்பார், வரியிலும் கருக்கலைப்புச் சட்டத்திலும் ராணுவ நடுநிலையிலும் ஒன்றியம் கைவைக்காது என்ற உறுதிகள் அந்த முதல் 'வேண்டாம்' வாங்கிக் கொடுத்தவை.

கட்டுரையாளர் கோபப்பட்டிருக்க வேண்டிய இடம் பிரான்ஸ். 2005 மே 29-இல் ஐரோப்பிய அரசமைப்பு ஒப்பந்தத்தை அங்கே ஏறக்குறைய 55 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். மூன்றே நாளில் நெதர்லாந்தும். அதில் பெரும்பகுதி லிஸ்பன் என்ற பெயரில் திரும்பி வந்தபோது இரண்டு நாட்டிலும் மக்களிடம் யாரும் போகவில்லை. 2008 பிப்ரவரியில் பிரெஞ்சு எம்.பி.க்களும் செனட்டர்களும் வெர்சாயில் கூடி அரசமைப்பைத் திருத்தினார்கள். அதே வாரம் நாடாளுமன்றமே ஒப்புதலும் கொடுத்தது. அதிபர் சர்கோசி தேர்தலில் இதைச் சொல்லித்தானே ஜெயித்தார் என்பார்கள். அதிபருக்குப் போட்ட ஓட்டு, இரண்டு வருடம் முந்தைய ஓட்டை அழித்துவிடுமா?

அயர்லாந்து அரசால் அப்படி நழுவ முடியாமல் செய்தவர் ரேமண்ட் க்ராட்டி. விவசாயியாக இருந்து பொருளாதார ஆசிரியரானவர். கட்டுரையில் அவர் பெயரே இல்லை. லிஸ்பனுக்கு வெகுமுன்பே, ஐரோப்பிய நாடுகளை ஒரே சந்தையாக்க வந்த 'ஒற்றை ஐரோப்பியச் சட்டம்' என்ற ஒப்பந்தத்தை நாடாளுமன்றத்தோடு முடித்துக்கொள்ள அரசு பார்த்தது. 1986 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் நீதிமன்றத்தில் தடை வாங்கினார். மறு ஆண்டு, அரசமைப்பைத் திருத்தாமல் இதை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே எந்தத் திருத்தமானாலும் மக்கள் ஓட்டுப் போட்டாக வேண்டும். ஜனவரியில் அமலாக வேண்டியது ஜூலை வரை காத்திருந்தது.

நம் கதை தெரியுமல்லவா? 1994-இல் உலக வர்த்தக அமைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட நாடாளுமன்ற ஒப்புதல்கூடத் தேவைப்படவில்லை. விவசாயம் மாநிலப் பட்டியலில் இருந்தாலும், ஒப்பந்தத்தை நிறைவேற்ற நாடாளுமன்றம் அதிலும் சட்டம் போடலாம் என்கிறது அரசமைப்பின் 253-ஆம் பிரிவு. அதைப் பற்றி விவரமாக ஒரு கட்டுரை வெளியிடுங்களேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
தஞ்சாவூர்