பேஸ் கிட்டார் வாங்கக் கிளம்பும் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

ஆண்டு விழா முடிந்த மறு வாரம், வெள்ளிக்கிழமை இசை வகுப்புக்குப் பெயர் கொடுத்த பிள்ளைகளில் ஏழு பேர் பேஸ் கிட்டார் (பாட்டின் அடியில் ஓடும் கீழ் சுருதியை வாசிக்கும் கிட்டார்) என்று எழுதியிருந்தார்கள். ஆறாம் வகுப்பில் நான்கு பேர், ஏழில் இரண்டு, எட்டில் ஒன்று. அன்று மாலையிலிருந்து அலுவலக ஃபோன் ஓயவில்லை. "எந்தக் கம்பெனி வாங்கலாம், மிஸ்?" "நாலு கம்பியா, அஞ்சு கம்பியா?" "சாதா கிட்டார் கத்துக்கிட்டுத்தானே இதுக்கு வரணும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். எங்கள் இசை ஆசிரியர் சொன்னதும், நான் சொந்தக் காசை விட்டுக் கற்றுக்கொண்டதும் இதில் கலந்தே இருக்கும்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். அப்படி ஒரு கட்டாயமும் இல்லை, நேராக பேஸிலேயே தொடங்கலாம். சாதா கிட்டாரின் தடித்த நான்கு கம்பிகளுக்கு உள்ள அதே ஈ, ஏ, டி, ஜி சுருதிதான் இதற்கும், ஒரு ஸ்தாயி கீழே. "பாட்டில் இது கேட்கவே கேட்காதே, இதை ஏன் பிடித்தான்?" என்று ஓர் அப்பா வருத்தப்பட்டார். இளையராஜா பாட்டு ஒன்றை நல்ல ஹெட்ஃபோனில் போட்டு, பாடகரை விட்டுவிட்டு அடியில் ஓடுவதை மட்டும் கேளுங்கள் என்றேன். அங்கே தனியாக ஒரு மெட்டு நடந்துகொண்டிருக்கும். அவர் மறுநாள் ஃபோன் செய்து, நாற்பது வருஷமாக இதைக் கேட்காமல் விட்டிருக்கிறேனே என்றார்.

இனி வாங்கும் விஷயம். சீருடை தைக்கக் கொடுக்கும்போது நாம் எல்லோரும் என்ன செய்கிறோம்? வளர்கிற பிள்ளை என்று இரண்டு அங்குலம் கூட விட்டு, மடித்துத் தைத்து, வருஷத்துக்கு ஒரு மடிப்பைப் பிரிக்கிறோம். ஷூவின் முனையில் பஞ்சு அடைத்து அனுப்புகிறவர்களும் உண்டு. பேஸ் கிட்டாரில் மடித்துத் தைக்க இடமே கிடையாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் மகளுக்குப் பத்து வயதில் பெரியவர்கள் வாசிக்கும் முழு அளவு பேஸை வாங்கிக் கொடுத்தேன். "மூணு வருஷத்தில் சரியாகிவிடும், மேடம்" என்றார் கடைக்காரர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளை ஃப்ரெட் என்பார்கள், முதலாவது கழுத்தின் உச்சியில் இருக்கும். வீட்டில் அவள் அந்த முதல் ஃப்ரெட்டைத் தொட வேண்டுமென்றால் இடது தோள் கீழே இறங்கும், உடம்பு முழுக்க அந்தப் பக்கம் சாயும், சுண்டுவிரல் கம்பிக்கு மேலேயே மிதக்கும். நானோ "நேரா உட்காரு" என்று அதட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாதம் கிட்டார் பீரோவுக்குப் பின்னால், கொசுவலைக் கம்புகளோடு போய் நின்றுகொண்டது. சோம்பேறி என்று திட்டினேன். கை எட்டவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, இருபது வருஷம் பிள்ளைகளோடு பழகிய எனக்கே அரை வருஷம் ஆனது.

அளவு என்றால் எந்த அளவு? நெக் எனப்படும் கழுத்தின் உச்சியில் கம்பி படிந்து வரும் நட்டிலிருந்து, கீழே கம்பி உட்காரும் பிரிட்ஜ் வரை உள்ள நீளம்தான். அதை ஸ்கேல் என்பார்கள். 1951-ல் அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் தன் பிரசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது 34 அங்குலம் வைத்தார். அன்றிலிருந்து அதுவே முழு அளவு. ஷார்ட் ஸ்கேல் என்று கேட்டால் 30 அங்குலத்தில் கிடைக்கும். ஐபனெஸ் கம்பெனியின் மிக்ரோ என்ற மாடல் இன்னும் சின்னது, 28.6 அங்குலம்.

நாலு அங்குலத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைக்காதீர்கள். பிள்ளையின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் 15 செ.மீ. ஸ்கேலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். நட்டிலிருந்து நாலாவது ஃப்ரெட் வரை வைத்துப் பாருங்கள். மிக்ரோவில் அந்த 15 சரியாகப் பொருந்தும். 30 அங்குலத்தில் முக்கால் சென்டிமீட்டர் மிஞ்சும். முழு அளவில் 18-க்குப் போய் நிற்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கையை விரித்து அந்த 18-ன் மேல் வைத்துப் பார்த்தால், அதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இருக்காது.

கடையில் பிள்ளையைக் கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காரவைத்து, தடித்த கம்பியின் முதல் ஃப்ரெட்டை ஆள்காட்டி விரலால் அழுத்தச் சொல்லுங்கள். முழங்கை கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும், தோள் இறங்கக் கூடாது. அப்புறம் தோள் வாரை மாட்டி நிற்கவைத்து, இடது கையை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். நெக் அப்படியே தரையை நோக்கிச் சரிந்தால், அந்தக் கிட்டாரை வாசிக்கும் நேரமெல்லாம் பிள்ளை அதைத் தாங்கிப் பிடிக்கும் வேலையைத்தான் செய்யும். வேறொன்றைக் கேளுங்கள். முழு அளவு பேஸ் நாலு கிலோவை ஒட்டி இருக்கும் என்பதால், வார் அகலமாக இருப்பதும் முக்கியம். இவ்வளவையும் பிள்ளை இல்லாமல் செய்ய முடியாது. ஆகவே பிறந்தநாளுக்குத் திடீரென்று கொண்டுவந்து நீட்டும் ஆசையை இந்த ஒரு முறை விட்டுவிடுங்கள்.

சின்ன அளவு என்றால் பொம்மை என்று சில பிள்ளைகளே முகம் சுளிக்கிறார்கள். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க்கில் வாங்கிய, வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸும் 30 அங்குல ரகம்தான் என்று சொல்லுங்கள். (அது 1972-ல் திருடுபோய், ஐம்பது வருஷம் கழித்து அவரிடமே திரும்பி வந்தது தனிக் கதை.) அவர் இடது கைக்காரர் என்பதும் நினைவுக்கு வருகிறது. உங்கள் பிள்ளையும் இடது கைப் பழக்கம் என்றால், வாங்குவதற்கு முன் இசை ஆசிரியரிடம் பேசுங்கள். வலது கைக் கிட்டாரிலேயே சிரமமில்லாமல் பழகும் பிள்ளைகள் உண்டு, பழகாதவர்களும் உண்டு. இடது கை மாடல் எல்லாக் கடையிலும் இருக்காது.

"பொம்பளப் பிள்ளைக்கு இது சரிவருமா?" என்று கேட்ட பாட்டிக்கு: மோகினி டே என்று மும்பைப் பெண், சின்ன வயதில் அப்பாவிடம் கற்று, ஏ.ஆர். ரஹ்மானோடு பேஸ் வாசித்தவர். பேத்தியோடு உட்கார்ந்து அவர் வாசிப்பதைப் பாருங்கள், பாட்டி.

நாலு கம்பி போதும். ஐந்தாவது கம்பி வந்தால் நெக்கும் அகலமாகும், தேவையில்லாதபோது ஒலிக்காமல் தடுத்துப் பிடிக்க இன்னொரு கம்பியும் சேரும். நாலிலும் ஜாஸ் பேஸ் என்ற மாடல் வகையின் நெக், நட்டருகே 38 மி.மீ. அளவில் ஒல்லியாக இருப்பதால் சின்ன விரல்களுக்கு வசதி. பேட்டரி போடும் ஆக்டிவ் ரகம் இப்போது வேண்டாம். வாசித்து முடித்ததும் ஒயரைப் பிடுங்காவிட்டால் பேட்டரி தீர்ந்துபோகும், நம் வீடுகளில் ஃபேனையே அணைப்பதில்லை.

விலையை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் அந்த எண்ணையே பிடித்துக்கொள்வீர்கள். கையில் உள்ள தொகை முழுவதையும் கிட்டாரிலேயே போடாமல், மூன்றில் ஒரு பங்கையாவது ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி), ஒயர், வார், சுருதி பார்க்கும் ட்யூனர், செட்டப் ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். செட்டப் என்பது நெக்கின் வளைவையும் கம்பியின் உயரத்தையும் சரிசெய்து வாங்குவது. கம்பி உயர்ந்து நின்றால் எவ்வளவு நல்ல பேஸானாலும் பிள்ளையின் விரல் இரண்டே நாளில் வெறுத்துவிடும்.

ஆம்ப் விஷயத்திலும் நான் ஏமாந்தேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று ஒரு சின்னக் கிட்டார் ஆம்பைத் தலையில் கட்டினார்கள். பேஸின் தடித்த கம்பி நொடிக்கு 41 முறை அதிரும். அவ்வளவு கீழான ஒலியைச் சத்தமாக வைத்தால், கிட்டாருக்கென்று செய்த சின்ன ஸ்பீக்கர் தாங்காது. எங்கள் வீட்டில் இரண்டு மாதத்தில் கிழிந்த பட்டம் போலப் படபடக்க ஆரம்பித்தது. பேஸ் ஆம்ப் என்றே கேட்டு வாங்குங்கள். எட்டு அங்குல ஸ்பீக்கரும் ஹெட்ஃபோன் துளையும் இருந்தால் வீட்டுக்குப் போதும். மொபைலில் பதிவுசெய்து கேட்டுவிட்டுச் சத்தமே வரவில்லை என்று பிள்ளை அழுதால், குறை ஃபோன் ஸ்பீக்கரில்தான்.

பழையது வாங்குவதில் தவறே இல்லை. நம் ஊர் மெல்லிசைக் குழுக்களிலும் சர்ச் பாடகர் குழுக்களிலும் கேட்டுப்பாருங்கள். ஒரு கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் சேர்த்து அழுத்தினால், நடுவில் கம்பிக்குக் கீழே மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும். விரல் நுழைகிற அளவுக்கு இருந்தால் நெக் வளைந்திருக்கிறது. குமிழ்களைத் திருகும்போது கரகரத்தால் பயமில்லை, சுத்தம் செய்தால் போகும். நெக் முறுக்கியிருந்தால் மட்டும் தொடாதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

பள்ளியில் 30 அங்குல பேஸ் இரண்டு இருக்கின்றன. ஏழு பேரும் முறைவைத்து, ஒவ்வொருவரும் இரண்டு வாரம் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அலுவலகப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு மேல் பெற்றோரே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்டோவில் பிள்ளையிடம் தனியாகக் கொடுத்தனுப்ப மாட்டேன். உங்கள் முறை முடியும்வரை கடைப்பக்கம் போகாதீர்கள். போகும்போது நிறத்தை மட்டும் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். ஊதா கேட்டால் ஊதாதான்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: பள்ளி ஆம்பின் பெரிய துளைக்கு மொபைல் ஹெட்ஃபோனின் சின்ன பின் பொருந்தாது. பெரிய பின் மாற்றியை எலக்ட்ரிகல் கடையில் வாங்கி, பிள்ளையின் பெயரை ஒட்டி அனுப்பவும். போன வருஷம் தொலைந்தவை நாலு.