டோரே அர்ஜென்டினா பூனைகளுக்காக: ரோம் மாநகராட்சியின் தொல்லியல் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். லார்கோ டி டோரே அர்ஜென்டினா சதுக்கத்தின் பண்டைய ரோமானியக் கோயில் இடிபாடுகளுக்குள் 2023 ஜூன் மாதம் நடைபாதை அமைத்து மக்களை அனுமதித்தீர்கள். அதற்கு முன் தெருவோரக் கம்பியருகே நின்று கீழே எட்டிப் பார்ப்பதோடு சரி. இப்போது கி.மு. 101இல் நேர்ந்துகொள்ளப்பட்ட வட்டக் கோயிலின் தூண்களைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஜூலியஸ் சீசர் குத்துண்டு விழுந்த, ரோமானியத் தளபதி பாம்பே கட்டிய மன்றக் கூடத்தின் அடித்தளத்தையும் பார்க்கலாம். இதற்காக உங்களுக்கு மனமார்ந்த நன்றி.

ஆனால் அங்கே வாழும் பூனைகளை நினைத்தால் கவலையாக இருக்கிறது. 2012இல், அனுமதியின்றித் தொல்லியல் நிலத்தில் கட்டப்பட்டது என்று சொல்லி, அங்கே தன்னார்வலர்கள் நடத்தும் பூனைக் காப்பகத்தை அகற்றும் பேச்சு எழுந்தது. இரண்டாயிரம் ஆண்டுப் பழைய கல்லின்மேல் எதையும் கட்டக் கூடாது என்ற தொல்லியலாளர்களின் கண்டிப்பு எனக்குப் புரிகிறது, அதை மதிக்கிறேன். ஆனால் காப்பகம் வருவதற்கு வெகுகாலம் முன்பே பூனைகள் அங்கே இருந்தன. வளர்த்தவர்களே கொண்டுவந்து விட்டுப் போகிறார்கள். நோயுற்றதும் கண் தெரியாததும் அவற்றில் உண்டு. காப்பகத்தை மூடினால் அந்த வரத்து நிற்காது. கருத்தடை செய்வதற்கும் மருந்து கொடுப்பதற்கும் ஆள் இல்லாமல் போகும். சில ஆண்டுகளில் குட்டிகள் பெருகி, இடிபாடுகளுக்கே அது தொல்லையாகும்.

உங்கள் நாட்டின் 1991ஆம் ஆண்டுச் சட்டம் 281, தெருப்பூனைகளைத் துன்புறுத்தக் கூடாது, கருத்தடை செய்து வாழ்ந்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்கிறது. தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், 1990களிலிருந்து நன்கொடையை நம்பி இந்த வேலையைத்தான் செய்து வருகிறார்கள். அரசு செய்ய வேண்டியதில் பெரும்பகுதியை அவர்கள் சுமக்கிறார்கள் என்றே நான் கருதுகிறேன்.

அதனால் கேட்கிறேன்: இனி அங்கே எந்த அகழாய்வு, எந்தப் பராமரிப்புப் பணி என்றாலும், திட்டம் தீட்டும்போதே அந்தத் தன்னார்வலர்களையும் அழைத்துப் பேசுங்கள். காப்பகத்தை இடம் மாற்றியே தீர வேண்டும் என்றால், அதே சதுக்கத்தில் மாற்றிடம் தயாரான பிறகு மாற்றுங்கள். இவ்விரண்டையும் எழுத்தில் உறுதி செய்யுங்கள். நுழைவாயிலில் கோயில்களின் வரலாறு சொல்லும் பலகையோடு, வளர்ப்பு விலங்கைக் கைவிடுவது இத்தாலியச் சட்டப்படி குற்றம் என்ற அறிவிப்பும் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,
ரோமையும் அதன் பூனைகளையும் நேசிக்கும் ஒரு பயணி