ஆங்கில வீட்டுப்பாடம் குறித்துப் பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைந்திருக்கிறது. விளையாட்டுப் போட்டிகளிலும் கலைத்திருவிழாவிலும் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்திருக்கிறார்கள். வருகைப் பதிவும் நன்றாக இருக்கிறது. எல்லோருக்கும் என் பாராட்டுகள்.

ஆங்கில வீட்டுப்பாடம் பற்றி உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும். ஏழாம் வகுப்புக்கு 'ரன்' என்ற சொல் வரும் சில வாக்கியங்களைக் கொடுத்து, தமிழில் எழுதிவரச் சொல்லியிருந்தோம். 'மை அங்கிள் ரன்ஸ் எ டீ ஷாப்' என்பதற்குப் பல நோட்டுகளில் 'என் மாமா டீக்கடையை ஓடுகிறார்' என்றே இருந்தது. 'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் சுகர்' என்பது 'நாங்கள் சர்க்கரையை விட்டு வெளியே ஓடினோம்' என்று ஆகியிருந்தது. வீட்டில் சர்க்கரை தீர்ந்துபோனால் நம் பிள்ளைகள் தமிழில் இப்படியா சொல்வார்கள்?

விசாரித்தபோது காரணம் தெரிந்தது. பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சொற்பட்டியல் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ஒரே ஒரு தமிழ்ச் சொல். அதைத்தான் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். நல்லது நினைத்துத்தான் அனுப்பியிருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்காரர்கள் 'ரன்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் கண்டிருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லை வகைப்படுத்தவே அவர்களுக்கு 9 மாதம் பிடித்தது. பட்டியலில் இருப்பதோ 'ஓடு' மட்டும்.

645-ஐயும் யாரும் படிக்க வேண்டாம். பக்கத்தில் என்ன சொல் நிற்கிறது என்று பார்க்கப் பழகினால் போதும். கடையோடு வந்தால் நடத்துவது, மூக்கோடு வந்தால் ஒழுகுவது. குழாய் என்றால் தண்ணீர் கொட்டுவது, பஸ் என்றால் அந்தத் தடத்தில் போய்வருவது. கிரிக்கெட்டில் 'ரன் அவுட்' என்றால் என்ன என்று நம் பையன்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதோடு 'ஆஃப்' சேர்ந்துவிட்டால் தீர்ந்துபோவது என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

இது நமக்குப் புதிதும் இல்லை. 'மா பூத்தது' என்றால் மரம், 'மா ஓடியது' என்றால் விலங்கு. பின்னால் வரும் வினைதான் பொருளைக் காட்டிக்கொடுக்கிறது. தொல்காப்பியம் இதைப் 'பலபொருள் ஒருசொல்' என்கிறது. வீட்டில் நாமே 'படம் நல்லா ஓடுது', 'வியாபாரம் ஏதோ ஓடுது', 'ஒண்ணுமே ஓடலை' என்று நாள் முழுக்கப் பேசுகிறோம். கூரையில் இருப்பதும் ஓடுதான். இதெல்லாம் புரிகிற பிள்ளைக்கு ஆங்கிலத்திலும் புரியும். பட்டியல்தான் குறுக்கே நிற்கிறது.

ஒன்றைக் கண்டிப்பாகவே சொல்லிவிடுகிறேன். 'ரன்னுக்கு ஓடு என்று எழுதியதை எப்படித் தப்பு போடலாம்' என்று பள்ளி வாசலில், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஆசிரியையிடம் குரல் உயர்த்தியது சரியல்ல. இனி அப்படி நடப்பதை அனுமதிக்க முடியாது. குறை இருந்தால் என் அறைக்கு வாருங்கள். அடுத்த பருவம் முதல், பட்டியலைப் பார்த்து எழுதிய வீட்டுப்பாடமும் பெற்றோர் கையெழுத்தில் இருக்கும் வீட்டுப்பாடமும் திருத்தப்படாது. பிள்ளை தானே எழுதிய தவறான விடை வந்தால் பரவாயில்லை, அதை வகுப்பில் உட்கார்ந்து சரிசெய்வோம்.

ஆங்கிலம் தெரியாதே என்று தயங்கும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. வாக்கியத்தைப் பிள்ளையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். 'இதை நம்ம வீட்டுல எப்படிச் சொல்லுவோம்?' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஆங்கிலம் தேவையில்லை. பள்ளி திறந்த முதல் வாரம், மாலையில் ஆங்கில ஆசிரியைகள் வகுப்பறையில் இருப்பார்கள். பிள்ளையின் நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், எப்படி உதவலாம் என்று காட்டுவார்கள்.

வேலை முடிந்து களைத்து வந்த பிறகும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டுகிறீர்கள். அந்த அக்கறைக்குப் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்