நாற்பது பிள்ளைகளை அழைத்து வரலாமா என்று கேட்டிருந்தாய்

யஷ்வந்த்பூர், பெங்களூர்

அன்புள்ள மீனாட்சி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுத இன்றுதான் கை ஒழிந்தது. தலைமையாசிரியை நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து சாக்பீஸைத் தொடவே நேரமில்லை என்று புலம்பியிருக்கிறாய். மாணவர் விவரங்களைக் கணினியில் ஏற்றுகிற எமிஸ் பதிவு, சத்துணவுக் கணக்கு, கழிப்பறைக் குழாய் எல்லாம் உன் தலையில்தான் வந்து விடியும் என்று தெரிந்துதானே பதவி உயர்வுக்குக் கையெழுத்துப் போட்டாய்? அனுபவி. இங்கே இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது; வாய்தான் கட்டுக்குள் இல்லை. எனக்கு மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது. சமதரையில் ஒரு குறையும் இல்லை. கீழே எழுதப்போகும் விஷயத்துக்கு அது போதும்.

வத்திராயிருப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரை இந்திய அறிவியல் கழகத்தின் ஓபன் டேக்குக் கூட்டிக்கொண்டு வருவது, செலவுக்கும் அலைச்சலுக்கும் தகுமா என்று கேட்டிருக்கிறாய். தகும். ஆனால் எதை எதிர்பார்த்து வருகிறாய் என்பதைப் பொறுத்தது.

இங்கே பழைய ஆட்டோக்காரர்களுக்கு அது இன்றும் டாட்டா இன்ஸ்டிடியூட்தான். 1909-இல் ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் பணத்திலும் மைசூர் அரசு கொடுத்த 371 ஏக்கர் நிலத்திலும் உருவானது. மற்ற நாட்களில் வாசலில் காவலாளியிடம் யாரைப் பார்க்க வந்தோம் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வருஷத்தில் ஒரு நாள், பெரும்பாலும் பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ ஒரு சனிக்கிழமை, எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்துவிடுகிறார்கள். கட்டணம் கிடையாது. பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் கொஞ்சம் நிறம் மாறுகிறது என்கிற ராமன் விளைவைக் கண்டுபிடித்த பிப்ரவரி 28-ஐ ஒட்டி வருகிற கொண்டாட்டம். ஆடிப்பூரத் தேரன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதி எப்படி இருக்கும், அப்படி இருக்கும். தள்ளுவண்டியில் குழந்தை, சக்கர நாற்காலியில் தாத்தா, சீருடையில் பள்ளிக்கூடங்கள், மாமரத்தடியில் சித்ரான்னப் பொட்டலத்தைப் பிரிக்கிற குடும்பங்கள்.

கூட்டம் முதலில் ஓடுவது இரண்டு இடங்களுக்கு. ஒன்று, மின் பொறியியல் துறையின் உயர் மின்னழுத்த ஆய்வகம். அங்கே செயற்கை மின்னல் வெட்டிக் காட்டுவார்கள். இன்னொன்று, திரவ நைட்ரஜன் ஊற்றி ஐஸ்கிரீம் செய்து தருகிற இடம். உன் பிள்ளைகளும் அங்கேதான் இழுப்பார்கள். தடுக்காதே, ஆனால் காலையில் அதில் கொண்டுபோய் விடாதே. வரிசையிலேயே பாதி நாள் போய்விடும். மின்னலைப் பார்த்தவன் ஐந்து நிமிஷம் வாயைப் பிளந்துவிட்டு வெளியே வந்துவிடுவான். அது வேடிக்கை. வேடிக்கை தப்பில்லை, ஆனால் அதற்காக ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் வர வேண்டாம்.

போன முறை பேத்தியோடு இயற்பியல் துறைப் பக்கம் போனேன். ஒரு மேசையில் தெர்மோகோல் கிண்ணம். அதற்குள் பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கறுப்பு வில்லை ஒன்று. மீக்கடத்தியாம், அதாவது நன்றாகக் குளிர்ந்தால் மின்தடையே இல்லாமல் போகிற பொருள். ஆராய்ச்சி மாணவி ஒருத்தி அதன்மேல் திரவ நைட்ரஜனை ஊற்றினாள். அது மைனஸ் 196 டிகிரி. புகை மேசை விளிம்பிலிருந்து தரைக்கு வழிந்தது. சத்தம் அடங்கியதும் சின்னக் காந்தத் துண்டு ஒன்றை இடுக்கியால் பிடித்து வில்லைக்கு மேலே விட்டாள். அது அந்தரத்தில் நின்றது. என் பேத்தி காகிதத் துண்டு ஒன்றை இரண்டுக்கும் நடுவே விட்டு எடுத்தாள், எங்காவது நூல் கட்டியிருக்கிறார்களா என்று. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வில்லையை இடுக்கியால் தூக்கித் தலைகீழாகப் பிடித்தாள். காந்தம் கீழே விழாமல் அதே இடைவெளியில் தொங்கியது. அங்கேதான் எல்லோரும் அடங்கினார்கள். விலக்குகிறது என்றால் தள்ளிவிட்டிருக்க வேண்டுமே, ஏன் பிடித்து வைத்துக்கொள்கிறது? காந்தப் புலத்தின் இழைகள் அந்த வில்லையில் உள்ள குறைபாடுகளில் சிக்கிக்கொள்கின்றன, அதனால் விலகவும் முடியாது நெருங்கவும் முடியாது என்று கன்னடத்தில் சொன்னாள், பிறகு எங்களுக்காகத் தமிழில். சேலத்துப் பெண்ணாம்.

பக்கத்தில் நின்ற ஒருவர், பார்த்தால் எலெக்ட்ரீஷியன் மாதிரி இருந்தார், "இதில் ஒயர் போட்டால் கரண்ட் வீணாகாதா?" என்று கேட்டார். என்ன அருமையான கேள்வி! அந்தப் பெண் ஐஸ்கிரீம் வரிசை, கூட்டம் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள். மின்தடை இல்லாததால் வீணாகாதுதான், ஆனால் குளிர்விக்க ஆகும் செலவு அதைத் தின்றுவிடுகிறது. அதனால்தான் இப்போதைக்கு ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. மாதிரி வேறு வழியே இல்லாத இடங்களில் பயன்படுத்துகிறோம், அதற்கு மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியம் வேண்டும் என்று ஆரம்பித்து, எந்த உலோகம், எந்தப் பீங்கான் என்று போய்க்கொண்டே இருந்தாள். அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் நாற்காலி தேடி உட்கார்ந்துவிட்டேன்.

இதற்காகத்தான் வா என்கிறேன். கட்டடத்தின் கோடியில், வரிசை இல்லாத அறைகளில், தன் ஆராய்ச்சியைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கிற பிள்ளைகள் இருப்பார்கள். சுவரில் மாட்டிய போஸ்டர் எல்லாம் பொடி எழுத்து ஆங்கிலம்தான். எந்த ஊர் அறிவியல் விழாவிலும் இதே கதை. அதைப் படிக்கச் சொல்லாதே. பக்கத்தில் நிற்பவரிடம், "நேற்று நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்கச் சொல். "உங்கள் ஆராய்ச்சி என்ன?" என்று கேட்டால் மனப்பாடம் செய்த பதில் வரும்.

உன் பள்ளி வராந்தாக் குளவிக்கூட்டைப் பற்றி எழுதியிருந்தாயே, அதற்கும் இங்கே ஆள் உண்டு. ராகவேந்திர கடக்கர் என்ற பேராசிரியர் வாழ்நாளின் பெரும்பகுதியை ரோபாலிடியா மார்ஜினேட்டா என்ற ஒரே குளவியை ஆராய்வதில்தான் செலவிட்டார். தென்னிந்தியாவில் கட்டடங்களின் இடுக்குகளில் காகிதம் போன்ற கூடு கட்டுகிற சாதாரணக் குளவி. கருவி என்று பார்த்தால் கண், நோட்டு, கொஞ்சம் பெயிண்ட். ஒவ்வொரு குளவி மேலும் வெவ்வேறு நிறப் புள்ளி வைத்து, எது என்ன செய்கிறது என்று மணிக்கணக்காக எழுதிக்கொண்டே இருப்பது. இந்தக் குளவியில் ராணி பரம சாது. அதை எடுத்துவிட்டால் சற்று நேரத்திலேயே வேலைக்காரக் குளவிகளில் ஒன்று திடீரென்று எல்லோரையும் விரட்ட ஆரம்பிக்கும். ராணி திரும்பி வரவில்லையென்றால் அடுத்த ராணி அதுதான். ராணியை எடுக்கும்வரை அது எது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. உன் மாணவன் கேட்டானே, "டீச்சர், இதில் யார் தலைவர்?" என்று, அவன் கேட்டது ஒரு பேராசிரியர் பல வருஷம் கேட்ட கேள்வி. தூரத்திலிருந்து பார்க்கச் சொல். பெயிண்ட் வேலை வேண்டாம். கொட்டினால் பெற்றோர் உன் அலுவலகத்துக்கு வந்துவிடுவார்கள்.

அவனுக்காகக் கட்டுரை தேடப் போய், நாற்பது டாலர் கட்டு என்று திரை வந்ததாகக் கோபப்பட்டிருந்தாய். நியாயம்தான். மக்கள் வரிப்பணத்தில் ஆராய்ச்சி நடக்கிறது, எழுதுபவருக்கு இதழ் காசு கொடுப்பதில்லை, சரிபார்க்கிற சக ஆராய்ச்சியாளருக்கும் கொடுப்பதில்லை, கடைசியில் படிக்க நாம் காசு கொடுக்க வேண்டும். ஆனால் பக்கவாசல் இருக்கிறது. 2002-இலேயே இந்திய அறிவியல் கழகம் தன் ஆட்கள் எழுதியதைச் சேர்த்து வைக்க ஈபிரின்ட்ஸ் என்ற களஞ்சியத்தைத் தொடங்கியது; இந்தியாவில் அதுதான் முதல். கட்டுரைத் தலைப்பை அங்கே தேடு. கிடைக்காவிட்டால் எழுதியவருக்கே மின்னஞ்சல் போடு. தான் எழுதியதை ஒரு பள்ளி ஆசிரியை கேட்டால் அனுப்பாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. இயற்பியல், கணிதம் என்றால் ஆர்க்கைவ் என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது. 1991-இல் பால் கின்ஸ்பார்க் லாஸ் அலமோஸில் தொடங்கியது, எல்லாம் இலவசம். சக ஆராய்ச்சியாளர் சரிபார்க்கும் முன்பே அங்கே ஏற்றிவிடுவார்கள் என்பதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடு.

அரசாங்கமும் சும்மா இல்லை. ஆராய்ச்சி இதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டுகிற ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பாளர்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். அரசுக் கல்லூரி, பல்கலைக்கழகம், மத்திய ஆய்வு நிறுவனம் என்று 6,300 இடங்களுக்கு. மதுரை அரசுக் கல்லூரி மாணவிக்கு இது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் பட்டியலில் உன் பள்ளி இல்லை, ஓய்வு பெற்ற நானும் இல்லை. பணம் அதே பதிப்பாளர்களுக்குத்தான் போகிறது. மறுபக்கம் பார்த்தால், எல்லோரும் படிக்கலாம் என்று திறந்துவிடுகிற பெரிய இதழ்கள் எழுதுபவரிடம் காசு கேட்கின்றன. நேச்சர் இதழ் அதற்கு ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ என்று 2020-இல் அறிவித்தபோது ஊரெல்லாம் பேசியது. நம் நாட்டு அறிவியல் அகாடமிகளில் ஒன்று, ராமன் 1934-இல் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமி, தன் இதழ்களை இணையத்தில் சும்மாவே படிக்கக் கொடுக்கிறது. அதில் ரெசனன்ஸ் என்பது 1996-லிருந்து மாணவர்களுக்காகவே வருகிறது. பழைய இதழ்களும் கிடைக்கும். குறைந்த செலவில் செய்யக்கூடிய விலங்கு நடத்தைச் சோதனைகளைப் பற்றிக் கடக்கரே அதில் தொடராக எழுதியிருக்கிறார்.

ராமன் பெயர் வந்ததால் ஒன்று சொல்கிறேன், உன் பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல். 1928 மார்ச் 16-ஆம் தேதி, கண்டுபிடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, ராமன் இதே பெங்களூருக்கு வந்து அந்தப் புதிய ஒளியைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றினார். அந்தப் பேச்சையே இந்திய இயற்பியல் இதழில் கட்டுரையாக அச்சிட்டு, பிரதிகளை உலகம் முழுக்க உள்ள இயற்பியலாளர்களுக்குத் தபாலில் அனுப்பினார். படிக்க யாரிடமும் காசு கேட்கவில்லை, யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. அந்த வேலையில் கூட இருந்து இரவு பகலாகச் சோதனை செய்தவர், நேச்சர் இதழில் ராமனோடு சேர்ந்து கையெழுத்திட்டவர், கே.எஸ். கிருஷ்ணன். 1898-இல் உங்கள் வத்திராயிருப்பில் பிறந்தவர். ரயிலில் வரும்போது சொல். இறங்கும்போது ராமனுடைய ஊர் என்று பார்க்காமல் தங்கள் ஊர்க்காரர் வேலை செய்த விஷயம் என்று பார்ப்பார்கள். நோபல் பரிசு 1930-இல் ராமனுக்கு மட்டும் வந்ததைப் பற்றி அவர்கள் கேட்பார்கள். தயாராக வா. எனக்கு இன்னும் அதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

அழைத்து வர முடியாத மிச்சப் பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று கேட்டாய். உங்கள் மலைக்கு வடக்கே கொடைக்கானல் இருக்கிறதே. 1899-இல் அமைத்த சூரிய ஆய்வகம். நூறு வருஷத்துக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுத்திருக்கிறார்கள். படங்கள் பதிந்த கண்ணாடித் தகடுகளையெல்லாம் எண்மப்படுத்தி இணையத்தில் வைத்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். மாதத்துக்கு ஒரு படம் என்று பதினோரு வருஷத்துப் படங்களை இறக்கிக்கொள். கரும்புள்ளிகளை எண்ணி வரைபடத்தாளில் புள்ளி வைத்தால் ஏறக்குறைய பதினோரு வருஷத்தில் அவை கூடிக் குறைகிற வளைவு கண் முன்னே வரும். பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் போய்விடுகிற விஷயம், தங்கள் கையால் எண்ணினால் மறக்காது. ஸ்மார்ட் போர்டு வேலை செய்கிறதா? செய்யாவிட்டால் பிரின்ட் எடுத்துக்கொடு. செலவை நான் அனுப்புகிறேன், வெட்கப்படாதே.

வருவதென்றால் தூத்துக்குடி மைசூர் எக்ஸ்பிரஸை விருதுநகரில் பிடி. காலையில் பெங்களூர். அரசுப் பள்ளிக் கல்விச் சுற்றுலாவுக்கு ரயிலில் சலுகை உண்டு, ஆனால் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், கடைசி நேரத்தில் போய் நிற்காதே. தேதி ஜனவரியில் தெரிந்துவிடும். எங்கள் பக்கம் சத்திரம் ஒன்று இருக்கிறது, பேசி வைக்கிறேன். பெண் பிள்ளைகள் எத்தனை பேர், கூட வருகிற டீச்சர் யார், யாருக்காவது ஆஸ்துமா இருக்கிறதா என்று மட்டும் பட்டியல் போட்டு அனுப்பு. சாப்பாடு இவர் பொறுப்பு. தயிர் சாதமும் எலுமிச்சை சாதமும் நாற்பது பேருக்கு எவ்வளவு அரிசி என்று இப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

அன்புடன்,
கோமதி